நூற்றிப் பதினேழாம் நம்பர் சட்டை

பொத்தேரியில் லாண்ட்ரி என்றால் ஆளுக்கு ஒரு அர்த்தம். ஹாஸ்டல் பையன்களுக்கு அது கட்டிலுக்கடியில் பதினைந்து நாளாக நாறிக் கிடக்கிற மூட்டை. "லாண்ட்ரி நிறைய சேர்ந்துடுச்சுடா" என்று அலுத்துக்கொள்வார்கள். காசிநாதனுக்கு அது இஸ்திரிப் பெட்டி. அதைத் தள்ளித் தள்ளியே வலது தோள் இறங்கிப்போன மனுஷன் அவர். அவர் பெண்டாட்டி அம்சாவுக்கு லாண்ட்ரி என்றால் சுவரை அடைத்து நிற்கும் அந்த இரும்பு ரேக்தான். துவைத்துத் தேய்த்து மடித்து நம்பர் வாரியாக அடுக்கிய துணி. கடைக்கு வெளியே 'அம்சா லாண்ட்ரி' என்று போர்டு மாட்டி ஒன்பது வருஷம் ஆகிறது. ஒன்பது வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூட காணாமல் போனதில்லை என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வாள். கொஞ்சம் பீற்றல்தான், ஆனால் பொய் இல்லை.

காணாமல் போனதில்லை, சரி. வெளியே போய்விட்டு வந்திருக்கின்றன. இதை எந்த லாண்ட்ரிக்காரரும் வாய் திறந்து ஒப்புக்கொள்ள மாட்டார். துணி போட்ட பையன் ஊருக்குப் போயிருப்பான், பத்து நாள் கழித்துத்தான் வருவான். ரேக்கில் வெள்ளைச் சட்டை சும்மா கிடக்கும். இன்னொருத்தன் வந்து, நாளைக்கு இன்டர்வியூ என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பான். எடுத்துக் கொடுத்தால் என்ன குறைந்து போய்விடும்? ஒரு நாள் போட்டுவிட்டுக் கொண்டு வந்தால், மறுபடி துவைத்துத் தேய்த்து அதே இடத்தில் வைத்துவிடலாம். சட்டைக்காரனுக்குத் தெரியவே தெரியாது. அம்சா இதற்காக யாரிடமும் காசு வாங்கியதில்லை. "ஒரு நாளு இல்லன்னா ஒரு நாளு மாட்டப்போற" என்று காசிநாதன் முனகுவார். "மாட்டுனா நான் மாட்டிக்கிறேன், நீ பொட்டியப் பாரு" என்பாள்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் வந்து நின்றவன் பார்த்திபன். அவன் படிக்கிற பையன் இல்லை, ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் வாளி தூக்குகிறவன். மதுராந்தகத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அப்பா இல்லை. அம்மா பூவாயி நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் அவனை ஐடிஐயில் ஃபிட்டர் வரைக்கும் படிக்க வைத்திருந்தாள். வேலை கிடைக்காமல் மெஸ்ஸுக்கு வந்து இரண்டு வருஷமாகிவிட்டது. தன் துணி ஒன்றைக்கூட அவன் அம்சா கடையில் போட்டதில்லை. "நான் தோச்சா அது எக்சர்சைஸுக்கா, உங்கிட்ட போட்டா அது செலவு" என்பான். ஆனாலும் நாள் தவறாமல் கடை வாசலில் வந்து அவளிடம் வம்பளந்துவிட்டுப் போவான். அவன் வராத நாளில் அம்சா, "எங்க அந்த வாலு, ஆளக் காணோம்" என்று காசிநாதனை நான்கு தடவை கேட்பாள்.

"யக்கா, நாளைக்கு மறைமலைநகர்ல ஒரு கம்பெனில இன்டர்வியூ. ஒம்போதரைக்கு அங்க இருக்கணும்."

"அதுக்கு?"

"அதுக்கு இன்னா அதுக்கு? மெஸ்ஸு டி-ஷர்ட்ட போட்டுகினா போவ சொல்ற? முதுவுல சாம்பார் கறை கீது பாரு, இந்தியா மேப்பு மாதிரி."

"மொதல்ல முடிய வெட்டிகினு வாடா, அப்பால சட்டையப் பத்திப் பேசலாம்."

"வெட்டிகினுதான்க்கா வந்துகீறேன். இதான் வெட்டுனது."

அம்சாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் தோளைக் கண்ணாலேயே அளந்தபடி ரேக்கில் தேடினாள். நூற்றிப் பதினேழாம் நம்பர் அடுக்கில் ஒரு சட்டை இருந்தது, வெள்ளையில் மெல்லிய நீலக் கோடு போட்டது. அபிஷேக் என்ற கடைசி வருஷத்துப் பையனுடையது. பரீட்சை முடிந்து சிநேகிதர்களோடு எங்கோ மலைக்குப் போகிறேன், அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறேன் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதை எடுத்துப் பார்த்திபனுக்குப் போட்டுப் பார்த்தாள். அவனுக்கென்றே தைத்த மாதிரி உட்கார்ந்தது. மெஸ்காரப் பையன் போய், ஏதோ ஆபீஸில் ஏசியில் உட்காருகிறவன் மாதிரி நின்றான். அம்சா தன் கண்ணே பட்டுவிடப் போகிறது என்று வாசல் மண்ணைக் கிள்ளி அவனுக்குச் சுற்றிப் போட்டாள்.

"மை கிய் பட்டுச்சி, தோல உரிச்சிடுவேன்."

"உரிச்சி, நம்பரு போட்டு ரேக்குல வெச்சுடு" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

மறுநாள் காலை பத்தரை மணிக்குக் கான்ஸ்டபிள் ரஞ்சித்குமார் பைக்கைக் கடை வாசலில் நிறுத்தினார். அவருடைய யூனிபார்ம் இங்கேதான் தேய்க்க வரும். ஆகையால் துணி கொடுக்க வந்திருக்கிறார் என்று அம்சா எழுந்தாள். அவர் கையில் துணி இல்லை. செல்போனை நீட்டினார்.

"இது உன் கடை நம்பருதானேம்மா? என் காலர்லயும் இப்டித்தான் 'அம்'முன்னு போட்டு வெச்சிருக்க."

ஒரு சட்டைக் காலரின் உட்புறம் மட்டும் படத்தில் இருந்தது. துணியெல்லாம் கறுப்பாக ஊறிப் போயிருந்தது. அதில் அவளுடைய மார்க்கர் பேனா எழுத்து அழியாமல் தெரிந்தது: அம் 117.

"நூத்திப் பதினேழு" என்றாள். கை நோட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே வாய் பெயரைச் சொல்லிவிட்டது. "அபிஷேக்கு. கல்பாக்கம் டவுன்ஷிப்புப் புள்ள. அவங்க நைனா அங்க பெரிய ஆபீசரு. இன்னா சார், எங்கியாவது வுட்டுட்டுப் போயிட்டானா?"

"ஸ்டேஷனாண்ட லைன் தாண்டி ஓடியாந்துக்கிறான். எக்ஸ்பிரஸ் அடிச்சிடுச்சி. மூஞ்சி பாக்குற மாதிரி இல்லம்மா. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சி. பையி, போனு ஒண்ணும் கெடைக்கல, ரயிலோட போச்சோ, எவன்னா தூக்கினு போயிட்டானோ. உன் நம்பரு மட்டும் இல்லன்னா பேஜாராயிருக்கும்." நோட்டில் இருந்த பெயரையும் ஹாஸ்டல் பிளாக்கையும் எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அம்சா ஸ்டூலில் உட்கார்ந்து அபிஷேக்குக்காக அழுதாள். பணக்காரப் பையன் என்றாலும் ஒரு நாள் துணி தாமதமானதற்கு முகம் சுளித்ததில்லை. வாங்கும்போதெல்லாம் தேங்க்ஸ் ஆன்ட்டி என்பான். காசிநாதன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அம்சா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். செத்தவன் துணியை மற்றவர்கள் துணியோடு வைத்திருக்கக் கூடாது, தனியாக எடுத்துக் கட்டி வைக்கலாம் என்று நூற்றிப் பதினேழாம் அடுக்கைக் கீழே இறக்கினாள். பேன்ட் நான்கு. சட்டை ஐந்து இருக்க வேண்டும், நான்குதான் இருந்தது.

அப்போதுதான் உறைத்தது.

நேற்றுச் சாயங்காலம் தன் கையால் எடுத்துக் கொடுத்ததை எப்படி மறந்தாள் என்று கேட்கலாம். கேட்கிறவர்களுக்கென்ன. நம்பரைக் காட்டினால் பெயரைச் சொல்லிச் சொல்லி ஒன்பது வருஷமாகப் பழகிய வாய் அது. இரவல் போனவனுக்கு நோட்டில் வரி கிடையாது. எழுதி வைத்தால்தானே மாட்டிக்கொள்வோம் என்று எழுதாமலே விட்டு வந்தவள் அவள்தான்.

பார்த்திபன் நம்பருக்குப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி போட்டாள். அபிஷேக் நம்பருக்குப் போட்டாள். அதே பெண், அதே பதில்.

"ரஞ்சித்துக்குப் போன் பண்ணி சொல்லிடு" என்றார் காசிநாதன்.

"இன்னான்னு சொல்றது? அந்தப் புள்ளயோட எல்லாச் சட்டையிலயும் நூத்திப் பதினேழுதான் போட்டிருக்கு. அவன் ஒண்ணப் போட்டுகினு மலையிலருந்து நேத்தே திரும்பியாந்திருக்கலாம் இல்ல?"

"பார்த்திபன் ஒம்போதரைக்குப் போவணும்னுதான் சொன்னான். அடிபட்டது எப்பவாம்?"

"நான் கேக்கல. நீயும் கேக்காத."

அம்சா நான்கு சட்டையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் என்ன நினைத்தாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும், மறைத்துப் பயனில்லை. அது அபிஷேக்காகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். தெரிந்த அம்மனை எல்லாம் கூப்பிட்டு வேண்டிக்கொண்டாள். ஆபீசர் வீட்டுக்கு எல்லாம் இருக்கிறது, பூவாயிக்கு என்ன இருக்கிறது என்று சாமியிடம் வக்கீல் மாதிரி வாதாடினாள். வாயை மூடிக்கொண்டு இருக்கிற வரைக்கும் பார்த்திபன் மறைமலைநகரில் யாருக்கோ வணக்கம் வைத்துக்கொண்டு இருக்கிறான். கடை போய்விடுமே என்ற பயமும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அது ஓரத்தில்தான் இருந்தது.

ஒரு மணிக்கு மெஸ்ஸிலிருந்து ஒரு ஆள் வந்தான். "பார்த்தி எங்கக்கா? பதினொண்ணுக்கெல்லாம் வந்துடுறேன்னு சொன்னான், மத்தியானம் பந்திக்கும் ஆளக் காணோம். சூப்பர்வைசர் கத்திகினு இருக்காரு." அம்சா தெரியாது என்றாள். அவன் போனதும் சட்டைகளைக் காசிநாதன் மேஜையில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஏறினாள். ரயிலில் போனால் இருபது நிமிஷம். அந்தத் தண்டவாளத்தின் மேல் போக அவளால் முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிணவறைக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டுப் பெஞ்சு. அதில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர், போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக நின்றுகொண்டிருந்தார். அபிஷேக்கின் அப்பா பார்த்தசாரதி, அம்மா ஸ்ரீதேவி என்று ரஞ்சித்குமார் மெல்லச் சொன்னார். முகத்தைக் காட்ட வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அடையாளத்துக்கு உடுப்பை மட்டும் ஒரு பாலிதீன் கவரில் போட்டு அந்த அம்மாள் கையில் கொடுத்திருந்தார்கள். கவரோடு சேர்த்து மடியில் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"இது அவனோடதுதான்" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள் ஸ்ரீதேவி. "பிளேஸ்மென்ட்டுக்குன்னு நான்தான் எடுத்தேன். மூணாவது பட்டன் விழுந்து போச்சு. வெள்ளை நூல் இல்லை, நீல நூல்லயே தச்சுக் குடுத்தேன். இது அவனோடதுதாங்க."

அம்சா குனிந்து பார்த்தாள். ரத்தம் படாத ஒரு கைப்பக்கத்தில் மெல்லிய நீலக் கோடு தெரிந்தது.

நேற்று அவள் எடுத்துக் கொடுத்த அதே கோடு. அங்கேயே மரத்தைப் பிடித்துக்கொண்டாள். பார்த்திபா, டேய், பார்த்திபா என்று உள்ளுக்குள் கத்தினாள். எதிரில் ஒரு தாய், பிள்ளை உயிரோடு இருக்கும்போதே அவனுக்காக அழுதுகொண்டிருக்கிறாள். இரண்டு மணி நேரமாக அந்தக் கண்ணீரை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாதது மட்டுமா, அது தொடரட்டும் என்று சாமியிடம் கேட்டிருக்கிறாள். இதைவிடக் கேவலம் ஒரு பெண் ஜென்மத்துக்கு இருக்கிறதா என்று அவளுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

"யம்மா" என்றாள். "சட்டை உங்க புள்ளயோடதுதாம்மா. உள்ள கீறது உங்க புள்ள இல்ல."

ஸ்ரீதேவி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தசாரதி போனை இறக்கினார்.

"நான் லாண்ட்ரிக்காரிம்மா. துணி என் கடையில இருந்துச்சி. கேக்காம கொள்ளாம நான்தான் எடுத்து இன்னொரு புள்ளைக்குக் குடுத்தேன், ஒரு நாளைக்குப் போட்டுகினு தரட்டும்னு. காலையில போலீசு கேட்டப்ப நம்பரப் பாத்து உங்க புள்ள பேரச் சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான்."

"நிஜமாவா சொல்றீங்க?" என்றார் பார்த்தசாரதி. "அவன் போன் காலைலேர்ந்து ஆஃப்ல இருக்கே."

அதோடு அவர் விட்டுவிடவில்லை. ஹாஸ்டல் வார்டனைப் பிடித்து, அவர் மூலமாகக் கூடப்போன பையன்களின் நம்பர்களை வாங்கி, ஒவ்வொன்றாகப் போட்டார். ஐந்தாவது நம்பர் அடித்தது. எவனோ ஒருவன் எடுத்தான். "அபி, உங்கப்பாடா" என்று அவன் கூப்பிட்டது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. அதன் பிறகு, "அப்பா, சாரிப்பா, சார்ஜ் போயிடுச்சு, திட்டாதீங்க" என்று தூக்கம் கலையாத ஒரு குரல் வந்தது. ஸ்ரீதேவி அந்தப் போனைப் பிடுங்கி இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மடியிலிருந்த கவர் கீழே விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. போனை வைக்காமலே எழுந்து காரைப் பார்த்து நடந்தாள். அம்சாவைத் திட்டவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பார்த்தசாரதி மட்டும் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, கீழே கிடந்த கவரை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

ரஞ்சித்குமார் அம்சாவை முறைத்தார். "அப்ப இது யாரும்மா?"

சொன்னாள். எழுதிக்கொண்டார். "வூட்டுக்குச் சொல்லணுமே. நம்பரு கீதா?"

இருந்தது. போன பொங்கலுக்கு மகனைப் பார்க்க வந்த பூவாயி, அவன் டூட்டி முடிகிற வரைக்கும் அம்சா கடையில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு மஞ்சள் பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகும்போது நம்பரையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். சாவைப் போனில் யாராவது சொல்வார்களா? அம்சாவும் சொல்லவில்லை. "புள்ளைக்கு அடிபட்டுக்கீதுக்கா. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடு" என்று மட்டும் சொன்னாள். "கையா காலா?" என்று பூவாயி கேட்டாள். அம்சா, நீ வா என்று சொல்லிக் கட் செய்துவிட்டாள்.

ஐந்து மணி வாக்கில் பூவாயி வந்தாள். வயலிலிருந்து அப்படியே கிளம்பியவள், கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. கையில் ஒயர் கூடை. அதில் ஒரு கைலி, துண்டு, தட்டு, டம்ளர். ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று நாள் தங்குகிற மாதிரி வந்திருந்தாள்.

"எந்த வார்டு அம்சா? கட்டுப் போட்டாச்சா?"

ரஞ்சித்குமார்தான் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "உக்காரும்மா. உம் புள்ள தவறிட்டாரும்மா. காலையில ரயில்ல அடிபட்டு."

பூவாயி உட்காரவில்லை. அழவும் இல்லை. "இன்னா சார் சொல்ற? யாரு பாத்தது? நான் பாக்குறேன், காட்டு."

"மொகத்தப் பாக்க வேணாம்மா. இதப் பாரு" என்று கவரை நீட்டினார்.

பூவாயி கூடையைக் கீழே வைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, கவரைப் பிரித்து, சட்டையை முழங்காலின் மேல் விரித்தாள். கோட்டைப் பார்த்தாள். துணியை இரண்டு விரலால் பிடித்து நெருடிப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க அம்சாவால் முடியவில்லை.

"இது எம் புள்ள சட்டை இல்ல சார்" என்றாள் பூவாயி. "அவங்கிட்ட கீறது மூணே சட்டை. மூணும் நான் மதுராந்தகத்துல எடுத்துக் குடுத்தது. இது நல்ல வெலைத் துணி. பெரிய எடத்துப் புள்ள எவனோ. அவன் ஆயி எங்க உக்காந்துகினு அழுவுறாளோ பாவம்." சட்டையை மடித்துக் கவருக்குள் பதமாக வைத்தாள். உயிர் திரும்பி வந்தவள் போலப் பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். "வயித்துல புளியக் கரைச்சிட்டியே அம்சா. நீதான் எல்லாத்துக்கும் நம்பரு போடுறவளாச்சே. இந்த சாருகிட்ட நீயே சொல்லு, இது யாரு சட்டைன்னு."

அம்சா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"சட்டை கல்பாக்கத்துப் புள்ளயோடதுக்கா. அது நல்லா கீது. ஒண்ணும் ஆவல."

"நல்லா இருக்கட்டும். அதான் நானும் சொல்றேன்."

"நேத்து சாயங்காலம் நான்தான்க்கா ரேக்குலருந்து எடுத்துக் குடுத்தேன். இன்டர்வியூவுக்குப் போட்டுகினு போவணும்னு வந்து கேட்டான்."

பூவாயியின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

"யாரு கேட்டான்?" என்றாள்.